வைக்கோலைத் தெரிஞ்சவங்களை வெளிய அனுப்பாதீங்க

உயிரி எரிபொருள் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குற நிபுணர் குழுக்கள்ல இருக்கற ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம்.

போன மாசம் 30ஆம் தேதி சாயங்காலம் எங்க லேப்ல இருந்த ஒரு தம்பி ரியாக்டர் ரூம் சாவியை கொண்டு வந்து என் மேசை மேல வச்சான், கூடவே நாலு பக்கம் எழுதின பேப்பரும் வச்சான். அவன் எழுத்து எப்பவும் கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், அன்னிக்கு மட்டும் நிதானமா, கோடு போட்டு எழுதியிருந்தான். "மூணாவது வால்வை பாதிக்கு மேல திறக்க வேண்டாம், கேஸ்கெட் கசியும். குறுவை வைக்கோல்னா தண்ணி கொஞ்சம் கம்மியா சேருங்க. பிரஷர் ஏறும்போது கீழ ஒரு டக் சத்தம் வரும், அதுக்கு பயப்பட வேண்டாம், ஆனா அதே சத்தம் பிரஷர் இறங்கும்போது வந்தா உடனே நிறுத்திடுங்க." இப்படியே நாலு பக்கம். மேல 'அடுத்து வர்றவங்களுக்கு'ன்னு தலைப்பு. அடுத்து வர்றதுக்கு யாரும் இல்லன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணு வருஷ புராஜெக்ட், 30ஆம் தேதியோட முடிஞ்சுது, அடுத்த புராஜெக்ட் வருமா வராதான்னு இன்னும் பதில் இல்ல, அந்தப் பையனுக்கு வீட்ல தங்கச்சி கல்யாணம், பெயின்ட் கம்பெனி ஒண்ணுல க்வாலிட்டி கன்ட்ரோல்ல வேலை கிடைச்சுது, போயிட்டான். போனதுல அவன் மேல எனக்கு துளி வருத்தம் இல்ல.

அன்னிக்கு ராத்திரியே இந்த லெட்டரை எழுத ஆரம்பிச்சேன். நான் கேக்கப்போறது ஒரே ஒரு விஷயம் தான். வைக்கோலைத் தெரிஞ்ச ஆளுங்களை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய அனுப்பாதீங்க. ஏன் கேக்கறேன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் இந்த வேலைக்கு வந்து 21 வருஷம் ஆச்சு. செடி கொடியோட தண்டு, தாள், சக்கை, இதையெல்லாம் உடைச்சு சர்க்கரையாக்கி அதை நொதிக்க வச்சு எரிபொருளாக்கறது தான் என் தொழில். பொறந்தது மன்னார்குடி பக்கம். அப்பா வைக்கோல்போர் போடறதுல கைகாரர், ஊர்ல நாலு பேர் வந்து கூப்பிட்டுட்டு போவாங்க. தை மாசம் சம்பா அறுத்து அடிச்சு முடிச்சதும் மேடான இடமா பாத்து முதல்ல முள்ளும் பனமட்டையும் பரப்புவார், தரை ஈரம் மேல ஏறக்கூடாதுன்னு. அப்புறம் சுத்தி வந்து வந்து வைக்கோலை அடுக்குவார், தாளோட நுனி வெளிப்பக்கம் லேசா சரிஞ்சு இருக்கணும், மேல கூம்பு மாதிரி முடிச்சு பிரி போட்டு இழுத்துக் கட்டுவார். ஐப்பசி கார்த்திகை அடைமழை பூரா அந்தப் போர் நின்னு நனையும். மேல ஒரு சாண் கருத்துப் போகும், அவ்வளவு தான். கைய உள்ள விட்டு உருவினா பொன்னு மாதிரி வரும், கதகதன்னு, வாசனையோட.

போரோட அடிப்பக்கம் மட்டும் வருஷா வருஷம் மக்கும். வெள்ளை நூல் நூலா பூஞ்சை ஓடும், ரெண்டு நாள் மழை பேஞ்சா காளான் பூக்கும். 2004-ல நான் பிஎச்டி சேந்தப்போ என் முதல் சாம்பிளை எடுத்தது அங்க தான். வைக்கோலை எது சாப்பிடுதோ அது கிட்ட தான் வைக்கோலை உடைக்கற என்சைம் இருக்கும், அதனால எங்கப்பா "இது உதவாது, குப்பைக்குழியில போடு"ன்னு சொன்ன அந்த அடி வைக்கோல் தான் எனக்கு பொக்கிஷம்.

இந்தத் துறையோட கதையே அப்படி ஆரம்பிச்சது தான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல சாலமன் தீவுகள்ல அமெரிக்க ராணுவத்தோட பருத்திக் கூடாரம் எல்லாம் மக்கி மக்கி ஓட்டையாச்சு. என்ன திங்குதுன்னு பாத்தா ஒரு பச்சை பூஞ்சை. அதை எடுத்துட்டு போய் ராணுவத்தோட ஆய்வகத்துல வச்சு எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அதையே பாத்துட்டு இருந்தாங்க. முதல்ல கேட்ட கேள்வி துணி மக்காம எப்படி காப்பாத்தறதுன்னு, 1970-கள்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் அதே பூஞ்சையை வச்சு செல்லுலோஸை எப்படி சர்க்கரையாக்கறதுன்னு கேள்வியை திருப்பிப் போட்டாங்க. இன்னிக்கு உலகத்துல வைக்கோலுக்கும் சக்கைக்கும் பயன்படற என்சைம்ல பெரும்பங்கு அந்தக் கூடாரத்து பூஞ்சையோட வாரிசுகள் கிட்ட இருந்து வர்றது தான், ரீஸ் பேரையே 1977-ல அதுக்கு வச்சுட்டாங்க, டிரைகோடெர்மா ரீசெய்னு. நான் மாணவர்களுக்கு கிளாஸ் எடுக்கும்போது இதைச் சொல்லாம விடறதே இல்ல. ஒரே பூஞ்சையோட ரெண்டு பேர் முப்பது வருஷத்துக்கு மேல உக்காந்திருக்காங்க. அவங்க கிட்ட யாரும் மூணாவது வருஷம் வந்து "இதுல புதுசா என்ன இருக்கு, அடுத்த டாபிக் என்ன"ன்னு கேட்டிருந்தா நம்ம கையில இன்னிக்கு என்ன இருந்திருக்கும்?

என் பூஞ்சைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. பிஎச்டில நான் சேத்த கல்ச்சர், அதாவது லேப்ல தனித்தனியா பிரிச்சு வளத்த பூஞ்சை, இருநூத்துச் சொச்சம், அதுல ஒரு பதினஞ்சு நல்லா வேலை செஞ்சுது, ஒண்ணே ஒண்ணு ரொம்ப நல்லா வேலை செஞ்சுது, ஆசிட் எல்லாம் போடாம வெறும் வெந்நீர்ல ஊறின வைக்கோலையே அது உடைக்கும். எல்லாத்தையும் கிளிசரால்ல போட்டு மைனஸ் 80 டீப் ஃப்ரீசர்ல வச்சிருந்தோம். புராஜெக்ட் முடிஞ்சுது, அடுத்ததுக்கு பதினாலு மாசம் இடைவெளி, அந்த இடைவெளில லேப்ல சம்பளத்துக்கு ஆள் கிடையாது, ஃப்ரீசருக்கு மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்டை புதுப்பிக்க பணம் கிடையாது. மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கம்ப்ரசர் நின்னுருக்கு, திங்கக்கிழமை வந்து திறந்தப்போ உள்ள இருந்து தண்ணி ஓடி வந்துச்சு. ஒவ்வொரு குப்பியா எடுத்து தட்டுல கோடு போட்டு வளத்துப் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். அந்த ஒண்ணு வரல. ஊருக்கு போய் மறுபடி எடுக்கலாம்னா போர் இருந்த இடத்துல இப்ப ஒரு வீடு நிக்குது. எந்த நிறுவனம்னு நான் சொல்லப்போறதில்ல, அங்க இருந்தவங்க யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாருக்கும் அதே நிலைமை தான்.

உங்கள்ல சிலர் வேற துறையில இருந்து வந்திருப்பீங்க, அதனால இந்த வேலை ஏன் இவ்வளவு மெதுவா நகருதுன்னு நம்ம ஊர் மண் சுவரை வச்சு சொல்றேன். மூங்கில் பத்தையை நிறுத்தி, நார் போட்டு பின்னி, மேல களிமண்ணு பூசுவாங்கல்ல, வைக்கோல் தாளும் அதே தான். செல்லுலோஸ் தான் மூங்கில், அதைப் பிணைக்கற நார் ஹெமிசெல்லுலோஸ், பூச்சு லிக்னின். நமக்கு வேண்டிய சர்க்கரை மூங்கில்லயும் நார்லயும் இருக்கு, ஆனா பூச்சை பேத்தெடுக்காம என்சைம் உள்ள போகாது. பூச்சை பேத்தெடுக்க ஆவியும் ஆசிட்டும் வச்சு அடிச்சா கொஞ்சம் சர்க்கரை கருகி ஃபர்ஃபுரல் மாதிரி பொருளா மாறும், அது ஈஸ்ட்டுக்கு விஷம். மெதுவா அடிச்சா பூச்சு முழுசா வராது. சரி, எல்லாம் சரியா பண்ணிட்டோம்னு வைங்க, நார்ல இருந்து வர்ற சைலோஸ்ங்கற சர்க்கரையை நம்ம சாதாரண ஈஸ்ட் தொட்டுக்கூட பாக்காது. 2003-ல நெதர்லாந்துல இந்திய யானையோட சாணத்துல இருந்து எடுத்த ஒரு பூஞ்சையோட ஜீனை ஈஸ்ட்டுக்குள்ள வச்சாங்க. ஈஸ்ட் சைலோஸை சாப்பிட ஆரம்பிச்சுது, ஆனா எறும்பு ஊர்ற வேகத்துல. அப்புறம் அதை சைலோஸ்லயே திரும்பத் திரும்ப வளத்து, ஜீன்களை ஒண்ணொண்ணா சரி பண்ணி, வேகமா சாப்பிடற ஈஸ்ட்டா கொண்டு வர்றதுக்கு அதே குழு இன்னும் சில வருஷம் உழைச்சுது. நம்ம யானை, நம்ம சாணம், பொறுமை மட்டும் அவங்களோடது. எனக்கு அதைப் படிக்கறப்ப எல்லாம் மனசு கனத்துப் போகும்.

இவ்வளவும் லேப்ல ஒரு கிளாஸ் குடுவைக்குள்ள நடக்கறது. வைக்கோல் லேப்புக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு உலகம் இருக்கு, அதைத் தான் நம்ம கமிட்டிகள் ஆராய்ச்சின்னே ஒத்துக்கறதில்ல.

பானிப்பட்டை எடுத்துக்கோங்க. 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி இந்தியன் ஆயிலோட 2ஜி, அதாவது தானியத்தை விட்டுட்டு வைக்கோல் மாதிரி மிச்சத்துல இருந்து எடுக்கற ரெண்டாம் தலைமுறை, எத்தனால் பிளான்ட்டை பிரதமர் திறந்து வச்சார். 900 கோடி ரூபாய்க்கு மேல செலவு, வருஷத்துக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால், இது திட்டம். கணக்கு போட்டா ஒரு டன்னுக்கு 150 லிட்டர். அன்னிக்கு டிவில பாத்துட்டு நான் அழுதுட்டேன், நம்ம நாட்டுல நம்ம கம்பெனியோட டெக்னாலஜில இது நடக்குதேன்னு. ஆனா 2 லட்சம் டன்னுன்னா என்னன்னு யோசிங்க. பிளான்ட் நாள் ஒண்ணுக்கு 600 டன் போல சாப்பிடணும், வருஷம் பூரா. வைக்கோல் கிடைக்கறதோ நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவுல இருக்கற மூணு வாரத்துல. அதுக்குள்ள சேகரிச்சு, கட்டாக்கி, லாரி ஏத்தி, அடுக்கி, அடுத்த அறுப்பு வரைக்கும் நனையாம, வேகாம, தீப்பிடிக்காம வச்சிருக்கணும். ஈரம் நூத்துக்கு இருபதைத் தாண்டின கட்டு உள்ளுக்குள்ள தானா சூடாகும், நடுவுல கருத்து, சர்க்கரை பூரா பூஞ்சைக்கு போயிடும். மெஷின் தரையை ஒட்டி வாரும்போது மண்ணு சேந்து வரும், கல்லு வரும். நெல் வைக்கோல்ல நூறு கிலோவுக்கு பத்து பதினஞ்சு கிலோ சாம்பல் தான், அதுல பெரும்பங்கு சிலிக்கா, மணல் மாதிரி, வெட்டற பிளேடை அரம் போட்டு ராவற மாதிரி ராவிடும். இதெல்லாம் எந்த பேப்பர்லயும் பெருசா வராது. எங்கப்பாவுக்கு போர் போடறதுல தெரிஞ்சது இந்தப் பாடத்தோட முதல் அத்தியாயம் தான்.

ஆறு வருஷம் முன்னாடி வைக்கோல் சேமிப்பை மட்டும் வச்சு ஒரு புரொபோசல் போட்டேன். டெல்டாவுல குறுவை, சம்பா, தாளடி மூணு பட்டத்து வைக்கோலையும் கட்டாவும் போராவும் ரெண்டு மழைக்காலம் வெளிய வச்சு, மாசா மாசம் உள்ள இருந்து சாம்பிள் எடுத்து சர்க்கரை எவ்வளவு போகுதுன்னு பாக்கணும்னு கேட்டிருந்தேன். மூணு நிமிஷம் தான் பேச விட்டாங்க. "மேடம், இது வேளாண் விரிவாக்கம், இதுல நாவல்ட்டி எங்க இருக்கு?"ன்னு, அதாவது புதுசா என்ன இருக்குன்னு, ஒரு பெரியவர் கேட்டார். அதே வருஷம் ஒரு ஜீனை இன்னொரு பூஞ்சைக்கு மாத்தற புரொபோசலுக்கு பணம் கிடைச்சுது, எனக்கே தான் கிடைச்சுது, அதனால பொறாமைல பேசறேன்னு நினைக்காதீங்க. அந்த ஜீன் வேலையும் நல்ல வேலை தான். ஆனா எந்த பிளான்ட்டும் ஒரு ஜீன் இல்லாம நின்னதா நான் கேள்விப்பட்டதில்ல.

நின்ன பிளான்ட்டுகளை எனக்கு தெரியும். 2006-ல அமெரிக்க அதிபர் புஷ் ஆறு வருஷத்துல மரத்தூள், தண்டு, புல்லுல இருந்து எத்தனால் போட்டி போடற விலைக்கு வந்துடணும்னு பேசினார், 2007 சட்டத்துல 2022-க்குள்ள வருஷத்துக்கு 1,600 கோடி கேலன்னு இலக்கே எழுதிட்டாங்க. நான் பிஎச்டிக்கு அப்புறம் போஸ்ட்டாக் ஆராய்ச்சி பண்ண அங்க இருந்த சமயத்துல, 2014-ல, ஐயோவால போயட்-டிஎஸ்எம், கான்சாஸ்ல அபெங்கோவா, இந்த ரெண்டு கம்பெனியோட பிளான்ட்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா திறந்துச்சு, அடுத்த வருஷம் ஐயோவாலயே டுபான்ட், வருஷத்துக்கு 3 கோடி கேலன். எல்லாருக்கும் தலைகால் புரியல. அபெங்கோவா 2016-ல திவாலாச்சு. டுபான்ட் 2017-ல நிறுத்திட்டாங்க. போயட்-டிஎஸ்எம் 2019-ல. ஐரோப்பாவுலயும் அதே தான், ருமேனியால கோதுமை வைக்கோலுக்குன்னு க்ளாரியன்ட் கட்டின புது பிளான்ட் ரெண்டு வருஷம் கூட ஓடாம 2023 கடைசில மூடறதா அறிவிச்சாங்க. பெட்ரோல் விலை, பாலிசி, கடன், ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற வேற, ஆனா உள்ள வேலை பாத்தவங்க யாரைக் கேட்டாலும் மண்ணு, கல்லு, ஈரம், அடைப்பு இந்த நாலு வார்த்தை வராம இருக்காது.

அப்படி ஒரு பிளான்ட்டுக்கு நானே போயிருக்கேன், பேர் வேண்டாம். சோளத்தட்டை கட்டுகள் கண்ணுக்கு எட்டின தூரம் அடுக்கியிருந்துச்சு. ஒரு வயசான ஆபரேட்டர், முன்னாடி விவசாயி, ஒவ்வொரு லாரி வந்ததும் கட்டுக்குள்ள கைய விட்டு ஒரு பிடி உருவுவார், கசக்குவார், மோந்து பாப்பார், "இது அடுத்த வாரம் தாங்காது, இன்னிக்கே போடு", "இது மண்ணு, தனியா வை"ன்னு சொல்லுவார். பக்கத்துல ஈரம் அளக்கற மீட்டர் இருக்கு, அதுலயும் அதே தான் வரும், ஆனா அவர் கை முதல்ல சொல்லிடும். எனக்கு எங்கப்பா ஞாபகம் தான் வந்துச்சு. பிளான்ட் நின்னதும் அவர் எங்க போனாரோ.

ஆனா ஒண்ணு சொல்லணும், பிளான்ட் மூடினாலும் அமெரிக்க அரசாங்கம் ஆராய்ச்சி ஆளுங்களை கலைக்கல. எரிசக்தித் துறை 2007-ல உயிரி எரிபொருள் ஆராய்ச்சிக்குன்னு மூணு மையம் ஆரம்பிச்சுது, கலிபோர்னியால எமரிவில், விஸ்கான்சின்ல மேடிசன், டென்னசில ஓக் ரிட்ஜ். ஒவ்வொரு தடவையும் அஞ்சு வருஷ கணக்குல பணம், 2017-ல நாலாவதா இல்லினாய்ல ஒண்ணு சேத்தாங்க, 2023-லயும் நாலுக்கும் நீட்டிச்சாங்க. பிளான்ட்டுகள்ல வைக்கோல் தட்டை தான் பிரச்சனைன்னு தெரிஞ்சதும் தேசிய ஆய்வகங்களை ஒண்ணா சேத்து அதுக்குன்னே தனி கூட்டமைப்பு உருவாக்கினாங்க, தட்டை எப்படி உடையுது, குழாய்ல எப்படி ஓடுது, எங்க அடைக்குதுன்னு பாக்கறதுக்கே. ஐடஹோ ஆய்வகத்துல அரவை மெஷின் வச்சு அந்த வேலையைப் பண்றாங்க, அங்க யாரும் நாவல்ட்டி எங்கன்னு கேக்கல.

நம்ம கிட்டயும் நடந்திருக்கு, இல்லன்னு சொல்லல. உயிரித் தொழில்நுட்பத் துறை 2008-ல மும்பைல வேதித் தொழில்நுட்பக் கல்லூரியோட சேந்து ஒரு மையம் போட்டுச்சு, ஒரே குழு பல வருஷம் சேந்து இருந்ததால தான் 2016-ல காஷிப்பூர்ல நாளைக்கு 10 டன் பயோமாஸ், அதாவது தாவர மிச்சம், ஓடற டெமோ பிளான்ட் வரைக்கும் வந்தாங்க. 2019-ல பிரதமர் ஜீவன் திட்டம்னு 1,969.50 கோடி ஒதுக்கி 12 பெரிய பிளான்ட்டுக்கும் 10 டெமோ பிளான்ட்டுக்கும் வழி பண்ணாங்க, 2024-ல அதை 2028-29 வரைக்கும் நீட்டிச்சாங்க. 2025 செப்டம்பர்ல அசாம் நுமாலிகர்ல மூங்கில்ல இருந்து எத்தனால் எடுக்கற பிளான்ட்டும் திறந்தாச்சு. கட்டடம் எழும்புது, சந்தோஷம். இந்த பிளான்ட்டுகளுக்கு உள்ள ராத்திரி ஷிஃப்ட்ல பைப் அடைச்சா என்ன பண்ணணும்னு தெரிஞ்ச ஆளு எங்க இருந்து வருவாங்கன்னு மட்டும் கேக்கறேன். என் லேப்ல இருந்து வரணும், என்னை மாதிரி நாப்பது லேப்ல இருந்து வரணும். அங்க இருந்தவன் இப்ப பெயின்ட்டோட விஸ்காசிட்டி பாத்துட்டு இருக்கான்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு குடுக்கற ஜேஆர்எஃப் உதவித்தொகையை 2023 ஜனவரில இருந்து 31,000-ல இருந்து 37,000 ஆக்கினீங்க, அதுக்கு நன்றி, மனசார சொல்றேன். ஆனா அது மாசா மாசம் வர்றதில்லங்க. பணத்தை எதுக்கு செலவு பண்ணோம்னு யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட் போகணும், அது ஒரு டேபிள்ல நிக்கும், அக்கவுன்ட்டை மாத்தச் சொல்லுவாங்க, புது போர்ட்டல் வரும், பழைய போர்ட்டல்ல போட்டதை மறுபடி போடணும். எங்க லேப்ல ஒரு பொண்ணுக்கு ஏழு மாசம் வரல. காலைல ஹாஸ்டல்ல டிபன் சாப்பிடாம வருவா, பசிக்கல மேடம்னு சொல்லுவா, ரெண்டு மாசம் கழிச்சு தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து ஃபெர்மென்டர்ல, அதாவது நொதிக்க வைக்கற கலன்ல, சாம்பிள் எடுப்பா, ஏன்னா ஈஸ்ட் சைலோஸுக்கு மாறற நேரம் அது தான், அதை விட்டா அடுத்த பேட்ச் வரைக்கும் காத்திருக்கணும்.

நாட்டுக்கு இது எதுக்குன்னு யாராவது கேட்டா நாமக்கல்லை காட்டுங்க. பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கற இ20 இலக்கை 2030-ல இருந்து 2025-26-க்கு முன்னாடி இழுத்தோம், அதுக்கு எத்தனால் எங்க இருந்து வருது? கரும்பு, அரிசி, மக்காச்சோளம். கரும்பு வழியா வர்ற ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணி போகுதுன்னு நிதி ஆயோக்கே 2021 அறிக்கைல எழுதியிருக்கு. மக்காச்சோளம் எத்தனாலுக்கு போக ஆரம்பிச்சதும் கோழித்தீவனம் விலை ஏறி நாமக்கல் பண்ணைக்காரங்க கதறினாங்க, ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த நாடு இறக்குமதி பண்ற நிலைமைக்கு வந்துச்சு. மனுஷன் வாயிலயும் கோழி வாயிலயும் கை வைக்காம எரிபொருள் எடுக்கறதுக்குன்னு தானே இந்த ரெண்டாம் தலைமுறை வேலையே. அது தாமதமாகற ஒவ்வொரு வருஷமும் அந்தச் சுமை சோளத்து மேலயும் தண்ணி மேலயும் தான் ஏறுது.

இதுலயும் வைக்கோல்னாலே கழிவுன்னு நினைச்சுடாதீங்க. பஞ்சாப் ஹரியானால எரிக்கறாங்க, அங்க அது பிரச்சனை. எங்க டெல்டாவுல அது மாட்டுத் தீவனம், அறுப்பு மெஷின் வந்த பிறகு ரோல் ரோலா கட்டி லாரி லாரியா கேரளாவுக்கு போகுது, காளான் போடறவங்க வாங்கறாங்க. மழைல நனைஞ்ச குறுவை வைக்கோல் தான் யாரும் சீண்டாம வயல்லயே கிடக்கும், என் வேலை அதை வச்சு தான். எது மிச்சம், எது மாட்டோட பங்குன்னு டெல்லில உக்காந்து மேப்ல பாத்து சொல்ல முடியாது, அதையும் ஊர்ல நின்னு நாலு அறுப்பு பாத்தவங்க தான் சொல்லணும்.

என்ன பண்ணணும்னு கேட்டா, முதல்ல பணத்தை பத்து வருஷமா நினைங்க. ஒரே தடவை முழுசா குடுக்க வேண்டாம், நடுவுல மூணாவது வருஷமும் ஆறாவது வருஷமும் வந்து பாருங்க, உருப்படியா நடக்கலன்னா நிறுத்துங்க, ஆனா நல்லா நடக்கற ஒண்ணை தேதி முடிஞ்சுதுன்னு நிறுத்தாதீங்க. ஒரு புராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் ரெண்டே ரெண்டு பேருக்கு சம்பளம், ஃப்ரீசருக்கு கரன்ட், இது மட்டும் போதும், ஒரு புது மெஷினோட விலையில பத்துல ஒரு பங்கு கூட வராது. ரியாக்டர் ஓட்டறவங்களை நிரந்தர டெக்னீஷியனா போடுங்க, பிஎச்டி மாணவனை வச்சு பிளான்ட் ஓட்டற வழக்கம் வேற எந்த தொழில்லயாவது உண்டா? உங்க பணத்துல கண்டுபிடிச்ச ஒவ்வொரு பூஞ்சையும் ஈஸ்ட்டும் சண்டிகர்ல இருக்கற தேசிய கல்ச்சர் சேமிப்புல ஒரு பிரதி போட்டாத் தான் கடைசி தவணைன்னு விதி வைங்க, அப்படி ஒரு விதி அன்னிக்கு இருந்திருந்தா என் பூஞ்சை இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும்.

வைக்கோல் சேமிப்பு, அரவை, மண்ணு பிரிக்கறது, இதையெல்லாம் ஆராய்ச்சின்னு ஒத்துக்கோங்க. அப்புறம் இது எனக்கு ரொம்ப முக்கியம், தோத்துப் போன சோதனையை எழுதறதுக்கு ஒரு இடம் குடுங்க. அரசாங்கப் பணத்துல ஓடற 2ஜி பிளான்ட்டுகள் எத்தனை நாள் ஓடுச்சு, எதனால நின்னுச்சு, எந்த மாச வைக்கோல்ல எவ்வளவு வந்துச்சுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய விடுங்க. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. அங்க பைப் அடைச்சது எனக்கு தெரிஞ்சா இங்க என் மாணவன் அதே வைக்கோலை வச்சு அதே அடைப்பை ஒரு சின்ன குழாய்ல பண்ணிப் பாத்து வழி சொல்லுவான். இப்ப நாங்க எல்லாம் சுத்தமா கழுவி, காய வச்சு, பொடியாக்கின வைக்கோலை வச்சு பேப்பர் எழுதிட்டு இருக்கோம், அந்த மாதிரி வைக்கோலோட ஒரு லாரி கூட எந்த கேட்டுக்கும் வராது.

எனக்கு இன்னும் சர்வீஸ் பதிமூணு வருஷம் இருக்கு. புது ஊருக்கு போகணும், பெரிய பதவி வேணும்னு எதுவும் கேக்கல. தை பொறந்தா சம்பா அறுப்பு, ஆறு வாரம் கூட இல்ல. அந்த வைக்கோலை மழைல பட்ட குறுவை வைக்கோலோட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், குறுவை கட்டு இருபது ஏற்கனவே லேப் பின்னாடி தார்ப்பாய்க்கு கீழ அடுக்கி வச்சிருக்கோம், மாசா மாசம் உருவிப் பாக்கணும், டிசம்பர் சாம்பிளை நானும் எங்க லேப் அட்டெண்டர் அண்ணனுமா போய் எடுத்தோம், மூணாவது வரிசைல ரெண்டு கட்டு லேசா சூடா இருந்துச்சு, பிரிச்சு காய வச்சோம். அந்தத் தம்பிக்கு போன் பண்ணி சொன்னேன். "மேடம், கீழ பலகை போட்டு ஏத்தி வைங்க, நான் எழுதி வச்சிருக்கேன் பாருங்க, மூணாவது பக்கம்"னான். பாத்தேன், எழுதியிருந்தான். புது இடத்துல ஆறு மாசம் புரொபேஷன், அதுக்குள்ள ஆர்டர் வந்தா திரும்பி வர்றேன்னு சொல்லியிருக்கான். எங்க புரொபோசல் உங்க கிட்ட ஆகஸ்ட்ல இருந்து இருக்கு.

இப்படிக்கு,
டெல்டாவுல இருந்து ஒரு உயிரி எரிபொருள் ஆராய்ச்சியாளர்